ஒன்பதாம் வகுப்புக்கு முன் 20 நாள்: ஓர் உயிரியல் பிரிட்ஜ் கோர்ஸ் எப்படி இருந்தது?

மதுரையில் எங்கள் பகுதியிலுள்ள ஒரு தனியார் பயிற்சி மையம், எட்டாம் வகுப்பு முடித்து ஒன்பதாம் வகுப்புக்குச் செல்லும் பிள்ளைகளுக்காக, மே மாதத்தில் 20 நாள் பிரிட்ஜ் கோர்ஸ் ஒன்றை நடத்தியது. கட்டணம் 3,500 ரூபாய். பயிற்சி ஏட்டுக்குத் தனியாக 400 ரூபாய். காலை 9.30 முதல் 11.30 வரை வகுப்பு. அவர்களுடைய துண்டறிக்கையில் “உயிரியல் அடிப்படைகளும் அறிவியல் முறையும்” என்று இருந்ததைவிட, “ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே முடித்துத் தருகிறோம்” என்று இல்லாமல் இருந்ததுதான் என்னை ஈர்த்தது. கோடை வகுப்பு என்ற பெயரில் நான் விசாரித்த மற்ற மூன்று இடங்களும் அடுத்த ஆண்டுப் பாடத்தை வேகமாக ஓட்டிக் காட்டுவதையே பெருமையாகச் சொன்னார்கள். மகளுக்கு வேண்டியிருந்தது அதுவன்று. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை படித்ததில் எது நிலைத்திருக்கிறது, எது தேர்வு முடிந்த மறுநாளே கரைந்துபோயிற்று என்று தெரிய வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்போடு நடுநிலை முடிந்து, ஒன்பதில் உயர்நிலை தொடங்குகிறது. எட்டு வரை மட்டுமே உள்ள பள்ளியில் படித்த பிள்ளைகள் பலர் இந்த இடத்தில் பள்ளியையே மாற்றுகிறார்கள். புதிய ஆசிரியர், புதிய ஊர்ப் பேருந்து, புதிய நண்பர்கள் என்று எல்லாம் ஒரே சமயத்தில் மாறும்போது, பாடமும் திடீரென்று கனக்கத் தொடங்குகிறது. ஒன்பதாம் வகுப்பு உயிரியலில் திசுக்கள், விலங்குகளின் உறுப்பு மண்டலங்கள், தாவரங்களின் இயக்கங்கள், நுண்ணுயிரிகள் என்று வரும் எல்லாவற்றுக்கும் அடியில் செல் இருக்கிறது. செல் என்பது படத்தில் வட்டம் போட்டுப் பாகம் குறிக்கிற ஒன்று என்ற அளவிலேயே ஒரு பிள்ளை அங்கு போய்ச் சேர்ந்தால், திசு என்பது அதற்கு இன்னொரு படம், அவ்வளவுதான்.

முதல் நாள் 40 கேள்விகள் கொண்ட ஒரு முன்தேர்வு வைத்தார்கள். மகள் 31 கேள்விகளுக்குச் சரியாக விடை எழுதியிருந்தாள். தாளை வாங்கிப் பார்த்தபோதுதான் அந்த எண் எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்று புரிந்தது. வரையறை கேட்ட கேள்விகள் அனைத்தும் சரி. “செல்லின் ஆற்றல் நிலையம் எது?” என்றால் கண்ணை மூடிக்கொண்டு மைட்டோகாண்ட்ரியா. ஆனால் ஒரு செடியின் உயரத்தை ஆறு நாளுக்கு அளந்த அட்டவணையைக் கொடுத்து, அதை வரைபடமாக வரையச் சொன்ன கேள்வியில், எந்த அச்சில் நாளைக் குறிப்பது, எதில் உயரத்தைக் குறிப்பது என்பதே தெரியாமல் இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். “இந்தச் சோதனையில் என்ன தவறு?” என்று கேட்ட மூன்று கேள்விகளிலும் அதே வெறுமை. இந்த முன்தேர்வைத் தயாரித்தவருக்குப் பிள்ளைகளைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது. மொத்தக் கோர்ஸிலும் கவனமாக உருவாக்கப்பட்ட அச்சுத்தாள் இது ஒன்றுதான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சி ஏட்டைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

முதல் வாரம் முழுவதும் நுண்ணோக்கி. வெங்காயத்தின் உட்செதிலிலிருந்து மெல்லிய தோலை உரித்து, அயோடின் ஒரு சொட்டு விட்டு, கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்பது. கன்னத்தின் உட்புறத்தைப் பல்குத்தும் குச்சியால் மெல்லச் சுரண்டி, மெத்திலீன் நீலம் என்ற சாயம் இட்டுப் பார்ப்பது. இரண்டும் எல்லாப் பள்ளிகளிலும் பாடமாக இருப்பவை, பல பள்ளிகளில் பாடமாக மட்டுமே இருப்பவை. கண்ணருகு லென்ஸ் 10 மடங்கு, பொருளருகு லென்ஸ் 40 மடங்கு என்றால் மொத்தம் 50 மடங்கு அன்று, 400 மடங்கு என்பதைப் பெருக்கிப் பார்க்க வைத்தார்கள். தகட்டை இடப்பக்கம் நகர்த்தினால் பிம்பம் வலப்பக்கம் ஓடுவதைக் கண்டு பிள்ளைகள் சிரித்ததாக மகள் சொன்னாள். முதல் நாள் பாதிப்பேர் காற்றுக்குமிழியைச் செல் என்று எண்ணி வரைந்துவிட்டார்கள். கறுத்த, தடித்த விளிம்போடு கச்சிதமான வட்டமாகத் தெரிவது குமிழி, செங்கல் அடுக்கியதுபோல் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்பவைதாம் செல்கள் என்று ஆசிரியை திருத்தினார்.

அந்த வாரத்தின் உண்மையான பாடம் மூன்றாம் நாள் நடந்தது. நுண்ணோக்கியில் கண்டதை வரையச் சொன்னபோது, 18 பிள்ளைகளில் பெரும்பாலோர் மைட்டோகாண்ட்ரியா, கோல்கை உறுப்பு, ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை நிறப் பசுங்கணிகம் எல்லாவற்றையும் போட்டு, பாடநூலின் தாவர செல் படத்தையே வரைந்து கொடுத்தார்கள். என் மகளும்தான். ஆசிரியை தாள்களைத் திருப்பிக் கொடுத்து, “இதையெல்லாம் எங்கே பார்த்தீர்கள்? எனக்கும் காட்டுங்கள்” என்று மட்டும் கேட்டாராம். அயோடின் இட்ட வெங்காயத் தோலில் அந்த நுண்ணோக்கி காட்டக்கூடியது செல்சுவரும், மஞ்சள் பழுப்பாகத் தெரியும் உட்கருவும்தான். ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலம்கூட இல்லாத மைட்டோகாண்ட்ரியாவை அப்படிப் பார்க்க முடியாது. பசுங்கணிகமோ அங்கே இல்லவே இல்லை. தாவர செல் என்றால் பசுங்கணிகம் இருக்க வேண்டுமே என்று ஒரு பையன் வாதாடியிருக்கிறான். வெங்காயம் வெள்ளையாக அல்லவா இருக்கிறது, மண்ணுக்குள் ஒளிபடாமல் இருக்கும் அந்தச் செதில் உணவைச் சேமிக்கிறதே தவிர தயாரிப்பதில்லை என்று அவனாகவே கண்டுபிடிக்கும்வரை ஆசிரியை விடவில்லை. மறுநாள் மீன்தொட்டிக் கடையில் வாங்கிய ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியின் இலையை வைத்து, பச்சை மணிகள்போல் நிறைந்திருக்கும் பசுங்கணிகங்களைக் காட்டியிருக்கிறார். 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கைத் துண்டில் கண்டவை வெறும் சுவர்களே என்பதும், உட்கரு என்ற ஒன்றை ராபர்ட் பிரௌன் அடையாளம் கண்டு பெயரிட 1831 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதும் ஆண்டுகளாக மனப்பாடம் செய்யப்பட்டிருந்த செய்திகள். கண்ணால் பார்த்த பிறகு அந்த 166 ஆண்டு இடைவெளி ஏன் என்று மகளே என்னிடம் விளக்கினாள்.

குறை என்னவென்றால், 18 பிள்ளைகளுக்கு மூன்றே நுண்ணோக்கிகள். ஆறு பேர் ஒரு கருவியைச் சுற்றி நின்றால், ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்; அதிலும் குவியத்தைச் சரிசெய்வதிலேயே பாதி நேரம் போய்விடும். நான் இடையில் ஒரு ஃபோல்டுஸ்கோப் வாங்கிக் கொடுத்தேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் ஜிம் சைபுல்ஸ்கியும் உருவாக்கி, 2014-இல் அதைப் பற்றிய ஆய்வுக்கட்டுரையை வெளியிட்ட, தாளை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி இது. சின்னஞ்சிறு கண்ணாடிக் குண்டு ஒன்றே லென்ஸ். சுமார் 140 மடங்கு பெரிதாக்கும். வெங்காயச் செல்லுக்கு இது தாராளம். கைபேசியின் கேமராவோடு சிறு காந்தத்தால் இணைத்துப் படமும் எடுக்கலாம். பழகுவதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும், வெளிச்சம் சரியாக விழாவிட்டால் எரிச்சல்தான் மிஞ்சும் என்றாலும், தனக்கென்று ஒரு கருவி இருந்தபோது மகள் பார்த்தவற்றின் எண்ணிக்கை வகுப்பில் பார்த்ததைப்போலப் பல மடங்கு. பயிற்சி ஏட்டுக்கு வாங்கும் 400 ரூபாயை இத்தகைய கருவிக்கு ஒதுக்கியிருந்தால் அந்த மையத்தை ஊர் முழுவதும் பரிந்துரைத்திருப்பேன்.

இரண்டாம் வாரம் அறிவியல் முறை. இங்கேதான் பயிற்சி ஏட்டின் கோளாறு வெளிப்பட்டது. உற்றுநோக்கல், வினா, கருதுகோள், சோதனை, முடிவு, அறிதல் என்று ஆறு பெட்டிகளை அம்புக்குறியால் இணைத்து, அவற்றை வரிசையாக எழுதச் சொல்லும் ஏடு அது. ஆறையும் வரிசை தவறாமல் ஒப்பித்துவிட்டால் அறிவியல் முறை தெரிந்துவிட்டது என்று பொருள். இது செல்லின் பாகங்களை மனப்பாடம் செய்வதற்கு எந்த வகையிலும் மேலானது அன்று. நல்ல வேளையாக ஆசிரியை ஏட்டை மூடிவைத்துவிட்டு இரண்டு பழைய சோதனைகளைச் சொல்லியிருக்கிறார்.

ஒன்று இத்தாலியரான பிரான்செஸ்கோ ரெடி 1668-இல் வெளியிட்டது. அழுகும் இறைச்சியிலிருந்து புழுக்கள் தாமாகவே தோன்றுகின்றன என்று நம்பிய காலம் அது. ரெடி சில சாடிகளைத் திறந்தும் சிலவற்றை இறுக மூடியும் வைத்தார். திறந்த சாடிகளில் மட்டுமே புழு வந்தது. இதோடு பாடநூல்கள் பெரும்பாலும் நின்றுவிடும். ஆசிரியை நிற்காமல், “மூடிய சாடியில் ஈயை மட்டுமா தடுத்தோம்?” என்று கேட்டிருக்கிறார். காற்றையும் தடுத்துவிட்டோம், எனவே காற்று இல்லாததால்தான் புழு தோன்றவில்லை என்று ஒருவர் மறுத்தால் நம்மிடம் பதில் இல்லை. அதனால்தான் ரெடி அடுத்து, காற்று நுழையும், ஈ நுழையாது என்ற அளவில் மெல்லிய துணியால் சாடிகளை மூடிப் பார்த்தார். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்ற விதி இந்தத் துணியில் இருக்கிறது. ஏட்டிலுள்ள ஆறு பெட்டிகளில் எதிலும் அது இல்லை.

மற்றொன்று மருத்துவரும் வேதியியலாளருமான ஃபான் ஹெல்மான்ட் செய்தது. அவர் இறந்த பிறகு 1648-இல் அச்சானது. 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்தாண்டுகள் நீர் மட்டும் ஊற்றினார். மரத்தின் எடை இறுதியில் 169 பவுண்டுக்குச் சற்றே கூடுதலாக இருந்தது. மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ இரண்டு அவுன்ஸ். எனவே மரம் முழுவதும் நீரிலிருந்தே வந்தது என்று முடிவு கட்டினார். அளவை அத்தனையும் நேர்மை, முடிவு தவறு; காற்றைக் கணக்கில் கொள்ளவில்லை. வாயுக்களைக் குறிக்கும் ‘கேஸ்’ என்ற சொல்லையே உருவாக்கியவர் இந்த ஹெல்மான்ட்தான் என்பதை ஆசிரியை சொன்னாரா என்று மகளுக்கு நினைவில்லை; நான் சொன்னேன். சரியாக அளந்தும் தவறான முடிவுக்கு வர முடியும் என்பதைப் பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளை கேட்டுக்கொள்வது நல்லது. பள்ளிச் செய்முறைத் தேர்வு அதைச் சொல்லித் தராது.

கலைச்சொற்களைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. குழுவில் ஏழு பேர் தமிழ்வழியில் படித்தவர்கள். ஏடு இருமொழியில் அச்சிடப்பட்டிருந்தாலும் வகுப்பில் ‘வேரியபிள்’ (சோதனையில் மாறக்கூடிய காரணி), ‘கன்ட்ரோல்’ என்றே பேச்சு ஓடியது. ஆங்கிலவழிப் பிள்ளைகளுக்கு இது எளிது என்றும் சொல்ல முடியாது. ‘கட்டுப்பாட்டுச் சோதனை’ என்பதைப் படித்த பிள்ளைகள், ஏதோ ஒன்றைக் கட்டுக்குள் அடக்கிவைக்கும் சோதனை என்று எண்ணியிருந்தார்கள். ‘கன்ட்ரோல்’ என்று படித்தவர்களும் அதையேதான் எண்ணியிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மாற்றம் எதுவும் செய்யாமல் வைக்கும் தொகுதி என்று விளக்கியதும் இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில் விளங்கிற்று. ‘சுவாசம்’ என்ற சொல்லில் இதைவிடப் பெரிய சிக்கல் உண்டு. மூச்சு விடுவதற்கும், செல்லுக்குள் உணவிலிருந்து ஆற்றல் வெளிப்படுவதற்கும் அந்த ஒரு சொல்லே வழங்குவதால், தாவரங்கள் பகலில் ஒளிச்சேர்க்கை செய்கின்றன, இரவில் சுவாசிக்கின்றன என்று நேரம் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள் பிள்ளைகள். பகலிலும் சுவாசம் நடக்கிறது. ஒளிச்சேர்க்கையின் வேகம் அதைவிட மிகுதியாக இருப்பதால் வெளியே தெரிவதில்லை. இரவில் புளியமரத்தடியில் படுத்தால் பேய் அமுக்கும் என்பதற்கு, மரம் விடும் கரியமில வாயுவே காரணம் என்று நம் ஊரில் படித்தவர்கள் விளக்கம் சொல்வார்கள் அல்லவா, அதையே வகுப்பில் ஒரு பையன் சொல்லியிருக்கிறான். திறந்தவெளியில் ஒரு மரம் வெளியிடும் அளவு ஒரு மனிதரை மூச்சுத்திணற வைக்கப் போதுமா, அளந்து பார்த்தவர் யார் என்று ஆசிரியை கேட்டதற்கு அவனிடம் பதிலில்லை. பேயை நம்புவதைவிட இந்த விளக்கத்தை நம்புவது அறிவியல் ஆகிவிடாது என்பதை அவர் அழகாக நிறுவியிருக்கிறார்.

இப்படியெல்லாம் கற்பித்த அதே வகுப்பில் பச்சைப்பயறுச் சோதனை நடந்த விதத்தை என்னால் எளிதில் மறக்க முடியவில்லை. பயிற்சி ஏட்டின் 23-ஆம் பக்கம்: இரண்டு கிண்ணங்களில் ஈரப் பஞ்சின்மேல் மும்மூன்று பயறுகளை இட்டு, ஒன்றைச் சன்னலோரத்திலும் மற்றொன்றை அலமாரிக்குள்ளும் வைத்து, ஒளியில் வைத்தது நன்றாக வளர்கிறதா என்று ஆறு நாள் பார்க்க வேண்டும். மே மாதத்து மதுரையில் சன்னலோரத்துப் பஞ்சு நண்பகலுக்குள் காய்ந்துவிடும். அலமாரிக்குள் இருந்தது ஈரமாகவே இருக்கும். ஒளியை மட்டும் மாற்றுவதாக நினைத்துக்கொண்டு வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து மாற்றியிருக்கிறோம். ரெடியின் துணியைப் பற்றிப் பேசி நான்கு நாள்கூட ஆகியிருக்கவில்லை. அதோடு, மூன்று பயறில் ஒன்று முளைக்காவிட்டால் மூன்றில் ஒரு பங்கு தோல்வி என்று கணக்கு வரும். அது ஒளியின் குற்றமா, வண்டு துளைத்த பயறின் குற்றமா என்று யாரால் சொல்ல முடியும்?

இவை போகட்டும். ஆறாம் நாள் அளந்தபோது, அலமாரிக்குள் வளர்ந்த முளைகள் சன்னலோரத்தில் வளர்ந்தவற்றைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரம் இருந்தன. இருட்டில் வளரும் நாற்று, சேமித்து வைத்திருக்கும் உணவையெல்லாம் செலவழித்து, ஒளியைத் தேடி மெலிந்து வெளிறி நீளும் என்பது தாவரவியலில் நன்கறிந்த செய்தி. ஆனால் ஏட்டில் “முடிவு: ஒளியில் வைத்த நாற்றுகள் நன்றாக வளர்ந்தன” என்று முன்கூட்டியே அச்சடிக்கப்பட்டிருந்தது. பிள்ளைகள் தங்கள் அளவுகோலைப் பார்த்தார்கள், ஏட்டைப் பார்த்தார்கள். அன்று ஆசிரியை விடுப்பில் இருந்ததால் மாற்றாக வந்தவர், “ஏட்டில் உள்ளபடி எழுதிக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டார். பலர் தங்கள் அளவீட்டை அழித்துவிட்டு, ஏட்டுக்குப் பொருந்தும் எண்களை எழுதினார்கள். இரண்டு வாரம் கட்டியதை அரை மணி நேரத்தில் இடித்தது இது. மாற்றாசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விடையை அச்சடித்துக் கொடுத்துவிட்டுச் சோதனை செய்யச் சொல்லும் ஏடு யார் கையில் இருந்தாலும் இதைத்தான் செய்யும்.

வீட்டில் நாங்கள் அதையே மறுபடி செய்தோம். கிண்ணத்துக்கு 20 பயறு. இரண்டையும் ஒரே மேசையில், பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின்மேல் மட்டும் காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தோம். இரண்டுக்கும் ஒரே கரண்டியால் ஒரே அளவு நீர். இருட்டில் இருந்தவைதாம் இப்போதும் உயரம். ஆனால் “நன்றாக வளர்வது” என்றால் என்ன, உயரமா, தடிமனா, பச்சையா, எடையா என்று மகள் கேட்டாள். ஏடு கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. முளைகளை வெயிலில் உலர்த்தி, நகைக்கடைக்காரர்கள் பயன்படுத்துவது போன்ற சிறு மின்னணுத் தராசில் நிறுத்தபோது, இருட்டில் வளர்ந்த 20 முளைகளும் சேர்ந்து, விதைக்கும்போது இருந்த பயறின் எடையைவிடக் குறைவாக இருந்தன. உயர்ந்து வளர்ந்தது எடை குறைந்திருக்கிறது. அந்த இழப்பு எங்கே போயிற்று என்ற கேள்வியிலிருந்து சுவாசம் என்ற பாடத்துக்கு அவளே போய்ச் சேர்ந்தாள்.

மூன்றாம் வாரத்தில் நாடித்துடிப்பு, வகைப்பாடு, இலையில் மாவுப்பொருள் சோதனை. வகைப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உயிரினங்களை ஐந்து பெரும் பிரிவுகளாக்கும் விட்டேக்கரின் 1969-ஆம் ஆண்டு ஐந்துலகப் பகுப்பை அட்டவணையாகக் கொடுத்து ஒப்பிக்க வைத்தார்கள். நாடித்துடிப்பில் ஒரு நல்ல நுணுக்கம் இருந்தது. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், எண்ணிக்கையில் ஒரு துடிப்பு பிசகினாலும் விடையில் நான்கு பிசகும் என்று காட்டி, முழு நிமிடம் எண்ண வைத்தார்கள். கயிறு தாண்டிய பிறகு முழு நிமிடம் எண்ணினால் அதற்குள் துடிப்பே இறங்கத் தொடங்கிவிடுமே என்று ஒரு பெண் கேட்டாளாம். அந்தக் கேள்விக்கு மட்டுமே கட்டணத்தில் பாதி தகும்.

மாவுப்பொருள் சோதனை தோற்றது, தோற்றதால் சிறந்தது. செம்பருத்தி இலையின் ஒரு பகுதியைக் கறுப்புத் தாளால் மூடி, ஒரு பகல் வெயிலில் வைத்து, இலையைக் கொதிநீரில் இட்டு, பிறகு சாராயத்தில் (ஆல்கஹாலில்) பச்சையம் நீக்கி, அயோடின் விட வேண்டும். எளிதில் தீப்பற்றும் சாராயத்தை நேரடியாகச் சூடேற்றாமல், அடுப்பை அணைத்துவிட்டுக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தே சூடேற்றினார்கள். பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் எந்த மையத்திலும் முதலில் விசாரிக்க வேண்டியது இது. மூடிய பகுதி நிறம் மாறாமலும் மூடாத பகுதி கருநீலமாகவும் வர வேண்டும். வந்ததோ, முழு இலையும் கருநீலம். விடுப்பிலிருந்து திரும்பியிருந்த ஆசிரியை, செடியை இரண்டு நாள் இருட்டில் வைத்து, ஏற்கெனவே இருந்த மாவுப்பொருளைத் தீர்க்காமல் தொடங்கியது தம் பிழை என்று வகுப்பிலேயே ஒப்புக்கொண்டு, அதைப் பிள்ளைகளே ஊகிக்கும்படி முதலில் அரை மணி நேரம் விட்டிருக்கிறார். மீண்டும் செய்தபோது சரியாக வந்தது. மகள் ஏட்டில் இரண்டு முடிவுகளையும் எழுதி வைத்திருக்கிறாள். பயறுப் பக்கத்திலும் அழித்த எண்களை மீண்டும் எழுதிக்கொண்டாள்.

கடைசி வாரம் அவரவர் வீட்டுச் சோதனை. விடை தெரியாத கேள்வி ஒன்றை எடுத்து, மையத்தின் ஒப்புதல் பெற்று, வீட்டில் செய்து, ஐந்து நிமிடம் விளக்க வேண்டும். மகள் எடுத்தது என் அம்மாவின் வாக்கு. தோசை மாவைக் கையால் கரைத்தால்தான் புளிக்கும், கரண்டியால் கலக்கினால் புளிக்காது என்று அம்மாச்சி சொல்வதை அவள் பிறந்ததிலிருந்து கேட்டு வருகிறாள். ஒரே மாவை எட்டு ஒரே மாதிரித் தம்ளர்களில் சம அளவில் பிரித்து, நான்கைக் கழுவிய கையாலும் நான்கைக் கொதிநீரில் போட்டெடுத்த கரண்டியாலும் அதே எண்ணிக்கைச் சுற்று கலக்கி, மாவின் மட்டத்தில் ரப்பர் வளையம் மாட்டி, ஒரே அலமாரியில் வைத்து, மணிக்கொரு முறை எழுச்சியை அளந்தாள். எந்தத் தம்ளர் எந்த வகை என்பது அளப்பவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று, தம்ளர்களுக்கு அடியில் குறியிட்டு, அளக்கும் வேலையை அம்மாச்சியிடமே கொடுத்தாள். எட்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே பொங்கின. உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே ஒட்டியிருக்கும் லியூகோனாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் வெளியிடும் கரியமில வாயுவே மாவை எழுப்புகிறது. கை வந்து சேர்க்க வேண்டிய தேவை இல்லை. “மே மாச வெயிலுக்கு எல்லாமே பொங்கும்டி. மார்கழியில செஞ்சு பாரு” என்று அம்மா சொன்னதை, மகள் தன் விளக்கத்தில் ‘இன்னும் சோதிக்க வேண்டியவை’ என்ற தலைப்பில் சேர்த்துக்கொண்டாள். ஆசிரியை மிகவும் பாராட்டியது அந்த வரியையாம்.

கடைசி நாள் முதல் நாளின் முன்தேர்வையே மீண்டும் வைத்தார்கள். அதே தாளை இரண்டாம் முறை எழுதும்போது மதிப்பெண் உயர்வது இயல்பு என்பதால், 31 என்பது 37 ஆனதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேறு தாள் கொடுத்திருக்க வேண்டும். ஒப்பீடு பற்றிப் பாடம் நடத்தும் மையம் தன் சொந்தப் பலனை இப்படி அளப்பது நகைப்புக்குரியது. ஆனால் வரைபடக் கேள்வியில் நாளைக் கிடையச்சிலும் உயரத்தைச் செங்குத்தச்சிலும் குறித்து, அலகும் எழுதியிருந்தாள். “என்ன தவறு?” என்ற மூன்று கேள்விகளில் இரண்டுக்கு விடை இருந்தது.

யாருக்கு இந்தக் கோர்ஸ் உதவும் என்று கேட்டால், நல்ல மதிப்பெண் வாங்கியும் நுண்ணோக்கியைத் தொட்டே பார்க்காத பிள்ளைகளுக்கு முதலில். பாடங்களை வாசிக்கவே திணறும் பிள்ளைக்கு இது போதாது. அந்த வகையில் இருந்த இரண்டு பேர் முதல் வாரத்திலேயே நின்றுவிட்டார்கள். வீட்டில் நேரம் ஒதுக்கக்கூடிய பெற்றோருக்குக் கட்டணமே தேவையில்லை என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு, ஏனென்றால் வெங்காயத்தில் பசுங்கணிகம் எங்கே என்ற கேள்வி எனக்குத் தோன்றியிருக்காது. 3,500 ரூபாயை அந்த ஆசிரியைக்குக் கொடுத்ததாகவே கருதுகிறேன். 400 ரூபாய் வீண். அடுத்த ஆண்டு சேர்ப்பவர்கள் ஏடு கட்டாயமா என்று கேட்டுவிட்டு, இல்லை என்றால் ஒரு கோடிடாத குறிப்பேடும், மூன்று பயறுக்குப் பதிலாக ஒரு கைப்பிடிப் பயறும் கொடுத்தனுப்புங்கள். அதே ஆசிரியைதான் நடத்துகிறாரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். என் மகன் இப்போது ஆறாம் வகுப்பு, அவனுக்காக அந்த ஒரு கேள்வியை நான் ஏற்கெனவே கேட்டு வைத்திருக்கிறேன். மார்கழிக்காகத் தம்ளர்கள் எட்டும் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன.